ஷல்லுக்கு அரை ஆழாக்கு

எனக்கு இலக்கணத்தோடு தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் இரண்டே இரண்டு. ஷல், வில். மற்றவை ரயில்வே பிளாட்பாரத்திலும் லாரி ஷெட்டிலும் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டவை. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். இந்த இரண்டை மட்டும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பசியோடு கற்றது மறப்பதில்லை.

திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷனுக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கும் நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. போர்டு கிடையாது. அங்கே ஒரு அம்மா மெஸ் நடத்தினார். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர்கள், லோகோ ஷெட்டு ஆட்கள், பஸ் கண்டக்டர்கள், தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவர் ஒருவர், அப்புறம் என்னைப் போல எந்த ஊர் என்று சொல்ல முடியாத சில பேர் அங்கே சாப்பிட்டோம்.

நேரில் எல்லாரும் அவரை அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் ஷல்லக்கா. அது அவருக்கும் தெரியும். நெடிய உருவம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக் கம்பி ஒடிந்துபோய் அந்தப் பக்கம் நூல் கட்டியிருக்கும். சோறு வடிக்கும்போது ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைக்க மாட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்வது கஷ்டம்.

கல்யாணத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் என்று அவர் வீட்டுக்காரர் சொன்னார். வீட்டுக்காரர் ரயில்வேயில் பெட்டியோடு பெட்டி கோக்கிற வேலையில் இருந்தவர். ஒரு நாள் வேகன் சக்கரத்தில் பாதம் மாட்டி நசுங்கியது. அதிலிருந்து கொட்டகையின் மூலையில் பலகை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், கத்தரிக்காய் நறுக்குவார், எல்லாரையும் கிண்டல் செய்வார். அந்த அம்மா பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்புப் பக்கம் வந்த கதை அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மெஸ்ஸில் ஒரு வழக்கம். சாயங்காலம் சாப்பிட்டு எழுந்து கை கழுவினதும் வாசலில் ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவரிடமும், “நாளைக்கு உண்டா?” என்று கேட்பார். நாளைக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே அரிசி அளக்க முடியும்? ஆரம்பத்தில் எல்லாரும் “வாரேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள். அண்டாவில் பாதி சோறு கிடந்து புளிக்கும். சில மாதம் பார்த்தார். பிறகு ஒரு சாயங்காலம் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தாராம். அதை அவர் வீட்டுக்காரர் நடித்துக் காட்டுவார்.

“நம்ம வாரேனுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கான். ஒருத்தன், நாளைக்கு மழை வரும்னு சொல்றாப்பல, நானும் வருவேன்னு சொல்றவன். இன்னொருத்தன் கையடிச்சுச் சொல்றவன். ரெண்டு பேருக்கும் நாம ஒரே சட்டையப் போட்டு விட்டிருக்கோம். வெள்ளைக்காரன் தனித்தனியாத் தச்சு வச்சிருக்கான். இன்னிலேருந்து இந்தக் கொட்டாய்ல ரெண்டு சட்டை.”

அன்றிலிருந்து கேள்வி மாறியது. “நாளைக்கு உண்டா?” என்பதோடு, “ஷல்லா, வில்லா?” என்றும் கேட்பார். வில் என்று சொன்னால் ஒரு முழு ஆழாக்கு அரிசி ஓலைப்பெட்டியில் விழும். ஷல் என்றால் அரை ஆழாக்கு. ஷல் சொல்லுகிற இரண்டு பேரில் ஒருத்தன் வருவான், ஒருத்தன் வர மாட்டான் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியாக இருந்தது.

வில் என்று சொல்லிவிட்டு வராதவனுக்குத் தண்டனை கிடையாது. அவன் இலையைப் போட்டு, சோறும் வெஞ்சனமும் வைத்து, பந்தி முடியும்வரை அப்படியே விட்டுவைப்பார். வேறு யாரையும் அந்த இடத்தில் உட்கார விட மாட்டார். கடைசியில் இலையைத் தூக்கித் தெரு நாய்க்குப் போடுவார். மறுநாள் அவன் வரும்போது எதுவும் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். “ஏலே, நேத்து உன் வில்ல நாய் தின்னுச்சு” என்று ஒருவன் ஆரம்பித்தால் அன்றைய சாப்பாடு முழுக்க அவனுக்கு அதுதான் வெஞ்சனம்.

தபால் ஆபீஸ்காரர் டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த இரண்டு வார்த்தையும் ஒட்டவே இல்லை. ஒரு மத்தியானம் கரண்டியோடு நின்ற அக்காவிடம் கேட்டார்.

“அக்கா, புஸ்தகத்துல ஐ ஷல்னு போட்டிருக்கான், யூ வில்னு போட்டிருக்கான். ரெண்டும் ஒண்ணுதான்னும் போட்டிருக்கான். மண்ட காயுது.”

“காயாது. சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே கேளு. நான், நாங்க. இதுக்கு ஷல் போட்டா நடக்கப்போறதச் சும்மா சொல்றே. வில் போட்டா வாக்குக் குடுக்குறே.”

“சரி.”

“நீ, அவன், அவ, அவங்க. இதுக்கு அப்படியே தலைகீழ். ஹீ வில்னா, அவன் செய்வான்னு நீ குறி சொல்றே. செய்யலைன்னா உனக்கு என்ன? ஹீ ஷல்னா, அவன் செய்வான், அதுக்கு நான் பொறுப்புன்னு அர்த்தம். அவன் செய்யலைன்னா உன் சட்டையத்தான் பிடிப்பாங்க.”

“எதுக்கு இம்புட்டுக் கொழப்பம்? ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டா என்ன?”

“உனக்காக நீ வாக்குக் குடுக்குறது ஒண்ணு. அடுத்தவனுக்காக வாக்குக் குடுக்குறது ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே கனமா?”

தோல் ஷாப்புக்காரன் ஒருவன், “வில்லு இருக்குக்கா, அம்ப எங்க வச்சிருக்கீக?” என்றான்.

“உன் நாக்குலதான் இருக்கு. மோர் ஊத்தவா?”

கேட்டுவிட்டு உடனே தபால் ஆபீஸ்காரரிடம் திரும்பினார். “இப்ப நான் கேட்டேன் பாரு, மோர் ஊத்தவான்னு. அதுக்கு ஷல் ஐ. உன் இஷ்டத்தக் கேக்குறது. ஊத்துறியான்னு நீ என்னக் கேட்டா அது வில் யூ. என் மனசக் கேக்குறது. வில்லுக்கு மனசுன்னே ஒரு அர்த்தம் உண்டு. பெயர்ச்சொல்லா வந்தா மன உறுதி. சாகுறதுக்கு முன்னாடி எழுதி வைக்குறமே உயிலு, அதுவும் அதுதான். ஷல்லுக்கு அந்தப் பொழப்பு இல்ல. அது வினைக்குத் துணையா வந்துட்டுப் போயிரும். தனியா ஒரு வீடு வாசல் கிடையாது.”

“இந்தத் தம்பி மாதிரி” என்று வீட்டுக்காரர் மூலையிலிருந்து என்னைக் கத்தியால் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொன்னது சரிதானே?

“அப்ப ஷுட், வுட்?” என்றார் தபால் ஆபீஸ்காரர்.

“ரெண்டுக்கும் வயசானா அப்படி ஆயிரும். ஷுட் வந்துட்டா, இப்படிச் செய்யணும்ப்பா அப்படிச் செய்யணும்ப்பான்னு புத்தி சொல்ல ஆரம்பிச்சுரும். அத நாளைக்குப் பாப்போம். இலைய எடு, அடுத்த பந்திக்கு ஆளு நிக்குது.”

“ஆனா ரேடியோவுல இப்ப எல்லாத்துக்கும் வில்லுன்னுதான்க்கா சொல்றான்.”

“அவனுக்கென்ன? அவனா அரிசி அளக்குறான்?”

தபால் ஆபீஸ்காரர் அந்தப் பரீட்சையில் தேறினார். தேறினதும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நான் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு திருச்சியில் சுமை தூக்கினேன், போத்தனூரில் கரி அள்ளினேன், மலையடிவாரத்தில் வாழைத்தார் வெட்டினேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினதில்லை. கால் தானாகக் கிளம்பிவிடும். அதனால் அந்த அம்மா கேட்கும்போது நான் ஒரு நாளும் வில் சொன்னதில்லை. ஷல் என்பேன். சில நாள் “தெரியலக்கா” என்பேன். அப்போது கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் பார்த்துவிட்டு அரை ஆழாக்கு போடுவார். சேர்ந்தாற்போல ஒரு மாதம் தினமும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அப்போதும் அரை ஆழாக்குதான்.

ஓட்டுக் கேட்டு ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கூட நாலு பேர். “உங்க தெருவுக்குக் குழாய் வரும்மா” என்றார்.

“வரும்னு குறி சொல்றீகளா, வாக்குக் குடுக்குறீகளா?”

“ரெண்டும்தாம்மா.”

“ரெண்டும் ஒரே வாயில வராது. எது?”

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. “வரும்மா, எல்லாம் வரும்” என்று சொல்லிச் சிரித்தார்.

“அப்பச் சரி, வரட்டும். வெயில்ல வந்திருக்கீக, செத்த நேரம் உக்காந்து சாப்டுட்டுப் போங்க” என்று இலை போட்டார். அவர் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். குழாய் வந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அவர் கறார்ப் பேர்வழி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி போடுகிற ஃபயர்மேன் ஒருவர் வில் சொல்லிவிட்டு வரவில்லை. வழக்கம்போல இலை போட்டுச் சோறு வைத்தார். பந்தி பாதி நடக்கும்போது ஒருவன் ஓடிவந்து, அந்த ஆள் எஞ்சின் அடுப்பில் கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றான். அந்தச் சோற்றை அப்படியே தூக்குப் போணியில் வழித்துப் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் கூடப் போனேன். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். “வரமுடியாமப் போச்சுக்கா” என்று அந்த ஆள் அழுதார். “உன் வில் வந்துருச்சு அப்பு. நீதான் லேட்டு. வாயத் தொற” என்றார்.

வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் வைத்து ஒரு பழைய நகைச்சுவை இருந்தது. “கோயில்ல கைபிடிக்கும்போது இவ வில்லுன்னு சொன்னா. நான் ஷல்லுன்னுதான் சொன்னேன். சாமியாருக்குக் காது மந்தம்” என்பார். அந்த அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பரவால்லன்னுதான் கழுத்த நீட்டினேன்” என்பார்.

அவரே வில் சொல்வது அபூர்வம். “நாளைக்கு மீன் உண்டாக்கா?” என்றால், “கெடைச்சா உண்டு” என்பார். “உங்க மக கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடுவீகளா?” என்றால், “மொதல்ல பொறக்கட்டும்” என்பார். ஊரில் எல்லாரும் வாரி இறைக்கிற வார்த்தையை இவர் மட்டும் இப்படிப் பூட்டி வைத்திருக்கிறாரே என்று நினைத்திருக்கிறேன். எதற்காக வைத்திருந்தார் என்பது கிடாய்ச் சமாச்சாரத்தில் தெரிந்தது.

அப்போது நான் ஒரு தோல் ஷாப்புக்குப் பச்சைத்தோல் சேர்க்கிற வேலையில் இருந்தேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கசாப்புக்காரர்களிடம் உரித்த ஆட்டுத்தோலை வாங்கி, உப்புத் தடவி, கேரியரில் கட்டிக்கொண்டுவந்து இறக்க வேண்டும். நாற்றம் பிடித்த வேலை. ஒரே இடத்தில் நிற்கவேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. மெஸ்ஸில் காற்று வெளியே அடிக்கிற பக்கம் எனக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

செபஸ்தியார் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டுதல் உள்ளவர்கள் கிடாய் நேர்ந்துவிடுவார்கள். காதில் ஒரு அடையாளம் வெட்டி அவிழ்த்துவிட்டால் பிறகு அதைக் கட்டுவதில்லை. யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டுவதில்லை. திருவிழாவுக்கு முன்னால் தேடிப் பிடித்துக் கோயிலில் சேர்ப்பார்கள். எல்லார் கிடாயும் ஒன்றாக வெந்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணியாகும். யாருடைய கிடாய் யார் இலையில் விழுந்தது என்று தெரியாது. தெரியவும் கூடாது.

அன்று கன்னிவாடிப் பக்கம் போய்விட்டு வந்து மெஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அகரத்திலிருந்து மார்க்கெட்டுக்குப் பூவும் மெஸ்ஸுக்கு வாழையிலையும் கொண்டுவருகிற பெரியவர் ஒருவர் உண்டு. வண்டியிலிருந்து இலைக்கட்டை இறக்கியவர், என் கேரியரைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டார்.

“ஏலே, இந்தத் தோலு யாருது?”

“ஆட்டுது” என்றேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன்.

“எங்க நேர்த்திக் கிடாய்லே இது. நெத்திச் சுட்டியப் பாரு. காதப் பாரு, நான் வெட்டுன மீன்வாலு” என்றார். தலைத்தோலோடு சேர்த்து உரித்திருந்ததால் காதும் இருந்தது. நுனியில் மீன்வால் மாதிரி ஒரு வெட்டு. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

அவர் மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது நேர்ந்த கிடாயாம் அது. அந்த மகள் இப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். நேர்த்தி தப்பினால் அவளுக்கு என்ன ஆகுமோ என்று பெரியவர் பயந்தார். அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கன்னிவாடிக் கசாப்புக்காரரிடம் வாங்கினேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வேறு கிடாய் வாங்கி விடலாமே என்று யாரோ சொன்னார்கள். “அது செல்லாது. நேர்ந்தத யாரு கைவச்சானோ அவன்தான் திருவிழா மணியடிக்குறதுக்கு முன்னாடி ஈடு கொண்டாந்து நிக்கணும். எங்க வழக்கம் அது” என்றார்.

“நான் போய் அந்த ஆளக் கூட்டியாரேன்” என்றேன்.

“நீ யாருலே? உனக்கு ஊரு எது? உனக்கு ஜவாப்புச் சொல்ல யாரு இருக்கா? இப்பிடியே ரயிலேறிப் போனா உன்ன எங்க தேடுறது?”

எல்லாம் நியாயமான கேள்விகள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்தார்கள். அவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன்.

அடுப்புப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

“அவன் வருவான்.”

பெரியவர் திரும்பினார். “நீங்க என்ன கண்டீக தாயி? சோறு திங்க வர்றவன்.”

“இந்தக் கொட்டாய்ல ஒரு நாளும் பொய்க்கணக்குச் சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான். அவன் வருவான்.”

“வாயால சொன்னா ஆச்சா?”

அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். அப்போதுதான் வடித்த சோறு முழுவதையும் பாயில் கொட்டச் சொன்னார். லோகோ ஷெட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அண்டாவைத் தூக்கச் சொன்னார். அந்த மெஸ்ஸில் பெரிய பாத்திரம் அது ஒன்றுதான். சூடு ஆறாத அண்டாவைச் சாக்கு வைத்துப் பிடித்துப் பெரியவர் வண்டியில் ஏற்றினார்கள்.

“மணியடிக்குற வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும். அவன் வரலைன்னா அது உங்களுது.”

பெரியவர் அண்டாவைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு மாட்டைத் தட்டினார்.

“மகாராசி, நாளைக்கு எதுல வடிப்பே?” என்றார் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“இருக்கிறதுல.”

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஷல்லா, வில்லா என்றுகூடக் கேட்கவில்லை. “சோத்த முடிச்சுட்டுப் போ” என்றார்.

கன்னிவாடிக் கசாப்புக்காரர் நல்ல மனுஷர். அந்தக் கிடாயைக் கிடைக்காரர் ஒருவர் விற்றதாகச் சொன்னார். வெறும் வயலில் எருவுக்காக ஆடுகளை மடக்கிப் போட்டு ஊர் ஊராகப் போகிறவர்கள்தான் கிடைக்காரர்கள். “பள்ளத்துல விழுந்து கால் ஒடிஞ்ச உருப்படி. அதான் வித்தாரு. ஆனா கிடை நேத்தே கிளம்பிருச்சே. மேற்க போனாகளா வடக்க போனாகளான்னு தெரியலையே” என்றார்.

மேற்கே போனேன். பழனி ரோட்டில் விசாரித்துக்கொண்டே போனபோது சைக்கிள் செயின் அறுந்தது. தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு ஊரில் கிடை வந்தது என்றார்கள், அடுத்த ஊரில் வரவே இல்லை என்றார்கள். ராத்திரி ஒரு சத்திரத்து வாசலில் படுத்தேன். மறுநாளும் அப்படியே. பசி பழக்கமானதுதான். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பஸ் நின்றது. கிளீனர் எனக்குத் தெரிந்த பையன்.

“என்னண்ணே, இங்க நிக்குற? பொள்ளாச்சித் தேங்கா மண்டியில ஆளு வேணுங்கிறாங்க. ஏறு, சைக்கிள மேல போட்டுக்கலாம்.”

ஏறியிருப்பேன். அதுவரை இப்படித்தான் ஒவ்வொரு ஊரையும் விட்டுக் கிளம்பியிருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லிவிட்டு வந்ததில்லை என்பதால் அது தப்பாகவும் தோன்றினதில்லை. இப்போதும் நான் எதுவும் சொல்லிவிட்டு வரவில்லை. சொன்னது அந்த அம்மா. அவன் வருவான். தமிழில் சொன்னார். அது குறியா, வாக்கா? குறி என்றால் நான் போகலாம், குறி தப்பும், மழை வராமல் போவதில்லையா? படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி இதை யோசித்தேன். யோசனைக்கு நடுவில், அந்தக் கொட்டகையில் மூன்று கல்லின்மேல் ஒன்றும் இல்லாமல் அடுப்பு இருக்குமே, அது கண்ணில் வந்தது.

“என்ன, வாரியா இல்லையா?” என்றான் கிளீனர்.

“நீ போ” என்றேன்.

வடக்குப் பக்கம் திரும்பினேன். மறுநாள் காலையில் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் கிடை கிடந்தது. கிடைக்காரப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்ற ஆட்டை இழுத்துக் காதைக் காட்டினார். மீன்வால் வெட்டு. அடுத்த ஆடு. அதிலும் மீன்வால்.

“எங்க பாட்டன் காலத்து வெட்டுப்பா இது. அந்தக் கிடாய் தானா வந்து கிடையில சேந்துச்சு. காதப் பாத்தேன், நம்முதுன்னு நெனச்சுட்டேன்.” சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார். “சாமி உருப்படியவா கசாப்புக்குக் குடுத்தேன்.”

“செபஸ்தியாருக்கு நேந்ததாம்” என்றேன்.

“எந்தச் சாமியா இருந்தா என்னப்பா? நேந்தது நேந்ததுதான்.”

கிடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இருந்ததிலேயே நல்ல கிடாயாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். நான் சைக்கிளைத் தள்ள, அவர் கிடாயை இழுக்க, கிடாய் வழியெல்லாம் வேலியை மேய, இரண்டு பகல் ஆனது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. மணி இன்னும் அடிக்கவில்லை. மெஸ்ஸில் ஏழெட்டுச் சின்னப் பானைகள் வரிசையாகக் கல்லடுப்பில் இருந்தன. ஒவ்வொன்றாக வடித்து, நாலு நாலு பேராகப் பந்தி நடந்தது. வெளியே ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன், “வந்துட்டான்யா. எங்க வயித்துல அடிச்சவன் வந்துட்டான்” என்று கத்தினான். அந்த அம்மா நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ரெண்டு பேரும் கால் கழுவிட்டு வாங்க” என்றார். கூட வந்த ஆள் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

அகரத்துப் பெரியவர் திருவிழாவுக்கு வந்து கோயில் வாசலில் வண்டியை அவிழ்த்திருந்தார். கிடைக்காரர் கிடாயோடு அவர் முன்னால் போய் நின்றார். இரண்டு பேரும் கிடாயின் காதைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்கள். “எனக்கு இத வெட்டக் காட்டிக்குடுத்தது எங்க மாமன்” என்றார் ஒருவர். “எங்களுக்குப் பாட்டன்” என்றார் மற்றவர். பிறகு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மணி அடித்தபோது இரண்டு பேரும் சேர்ந்தேதான் கிடாயை உள்ளே கொண்டுபோனார்கள். என் கன்னத்தைப் பற்றி அகரத்துப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் என்னைத் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பின்னால், பூவோடு அவர் ஏற்றிவந்திருந்த அண்டா கடகடத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாளும் அதில் ஈரத்துணி போட்டு மல்லிகை வைத்திருந்தாராம்.

மறுநாள் சோறு மல்லிகைப்பூ மணத்தது. புளிக் குழம்பு ஊற்றியும் போகவில்லை. “கல்யாண வீட்டுல சோறு பாத்திருக்கேன், சோத்துக்கே கல்யாணம் இப்பத்தான் பாக்குறேன்” என்று ஒருவன் முனகிக்கொண்டே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் வழக்கம்போல ஓலைப்பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். முழு ஆழாக்கு ஒன்று விழுந்தது, அரை ஒன்று விழுந்தது. என் முறை வந்ததும் நானே கேட்டேன்.

“அக்கா, அன்னிக்கு அவன் வருவான்னு சொன்னீகளே. அது ஹீ வில்லா, ஹீ ஷல்லா?”

அவர் அண்ணாந்து பார்த்தார்.

“அண்டாவையே தூக்கிக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் இங்கிலீஷு எதுக்கு அப்பு?”

பிறகு நாளைக்கு உண்டா என்று என்னிடம் கேட்கவில்லை. ஆழாக்கை நிறைய முகந்து, மேலே குவிந்ததை விரலால் வழித்துவிட்டு, முழுதாகப் பெட்டியில் கொட்டினார். எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து, “உனக்கு?” என்றார்.